தமிழ்ப் பாடநூல் என் காதுக்கு வந்து சேர்ந்த வழி

முழுப் பார்வையற்றவனான நான் தமிழ்வழியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். முதல் பருவத்துக்குரிய முதன்மை நூலை நானே படிக்கத்தக்க மின்னூலாகப் பெறுவதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை, இதே நிலையில் உள்ள மாணவர்களுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன். மின்னூல் வந்துவிட்டதால் பார்வையற்றோரின் படிப்புச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் சிக்கலின் பெரும்பகுதி படிக்கும் கருவியில் இல்லை. அதற்குள் வைக்கப்படும் கோப்பை ஒருவர் எப்படித் தயாரித்தார் என்பதில்தான் இருக்கிறது.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2009இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் கிண்டில் டிஎக்ஸ் என்ற மின்னூல் படிக்கும் கருவியில் பாடநூல்களை வழங்க முற்பட்டபோது, பார்வையற்றோர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அந்தக் கருவி நூலை உரக்க வாசித்தது; ஆனால் நூலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்களை வாசிக்கவில்லை. வழக்கு 2010 சனவரியில் சமரசத்தில் முடிந்தது. பார்வையற்ற மாணவர்கள் பயன்படுத்த முடியாத மின்படிப்பான்களை வகுப்பில் கட்டாயமாக்கக் கூடாது என்று அவ்வாண்டு சூனில் அந்நாட்டு நீதித்துறையும் கல்வித்துறையும் கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதின. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி நான் சோதித்த மின்படிப்பானில் தமிழ்க் குரலே இல்லை. குறைப்பார்வை உள்ள என் வகுப்புத் தோழி அதிலேயே எழுத்தைப் பெரிதாக்கி நிம்மதியாகப் படிக்கிறார். எனக்கு அது வெறும் பலகைதான். ஆகவே கணினியில் திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் மென்பொருளையும், வெளியே செல்லும்போது கைபேசியையும் நம்பியிருக்கிறேன்.

அடுத்தது நூலகம். 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டி, அதன் உறுப்பு அமைப்பு ஒன்றின் வழியாகப் பதிவு செய்துகொண்டேன். சில பொது வரலாற்று நூல்கள் கிடைத்தன. முதன்மை நூல் அங்கே இல்லை.

கல்லூரியில் அந்நூலின் பிடிஎஃப் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. அதைத் திறந்ததும், ஆவணம் காலியாக உள்ளது என்று திரைவாசிப்பான் அறிவித்தது. பக்கங்களைப் படமெடுத்துக் கோப்பாக்கினால் அப்படித்தான் சொல்லும். அதில் எழுத்தே இல்லை, எழுத்தின் நிழற்படம் மட்டுமே இருக்கிறது. பகுதி பகுதியாகப் பிரித்து கூகுள் டிரைவில் ஏற்றி படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி வழியாக உரையாக்கினேன். தமிழை அது நன்றாகவே படிக்கிறது. ஆனால் அச்சு மங்கிய இடங்களில் துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பி, ‘காலம்’ என்பதைக் ‘கரலம்’ ஆக்கிவிடுகிறது. அதைவிடத் தொல்லை தந்தவை அடிக்குறிப்புகள். ஒரு வாக்கியம் பக்கத்தின் இறுதியில் பாதியில் நிற்க, அடிக்குறிப்பும் பக்க எண்ணும் அடுத்த பக்கத்தின் தலைப்பும் இடையில் ஒலித்த பிறகே மீதி வாக்கியம் வரும். கண் தாண்டிச் செல்லும் இவற்றைக் காது தாண்ட முடியாது.

எனவே பதிப்பகத்துக்கு எழுதினேன். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஊனமுற்றோர் படிக்கத்தக்க வடிவில் நூலைப் படியெடுப்பதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அப்படி எடுக்கும் படி, இலாப நோக்கமின்றி அவர்களுக்கு மட்டுமே சேர வேண்டும் என்பது நிபந்தனை. இந்தச் சலுகை உரிமையாளரின் அனுமதியைக் கேட்கச் சொல்லவில்லை என்றாலும், அச்சுக்கோப்பு பதிப்பகத்தாரிடம்தானே இருக்கிறது! கோப்பு வெளியே கசிந்துவிடும் என்று முதலில் தயங்கினார்கள். பிறருக்குத் தரமாட்டேன் என்று நூலகர் மேலொப்பத்துடன் எழுதிக் கொடுத்ததும், எங்கள் துறைத்தலைவர் தொலைபேசியில் பேசியதும் பலித்தன.

வந்த கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தது. திரையில் பார்ப்பவருக்கு அது குறையில்லாத தமிழ். ஆனால் உள்ளே இருப்பவை ஆங்கில விசைகள். ‘தமிழ்’ என்ற சொல்லின் மேல் நின்று எழுத்தெழுத்தாகக் கேட்டால், ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று வரும். இணையத்தில் கிடைக்கும் இலவச எழுத்துரு மாற்றியில் இட்டு, திரைவாசிப்பான் தமிழாகவே அறியும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றியதும் குரல் தமிழ் பேசத் தொடங்கியது. சில பக்கங்களுக்குப் பிறகு ‘டயற’ என்ற சொல் மீண்டும் மீண்டும் ஒலித்தது. வட்டார வழக்கோ என்று அகராதியில்கூடத் தேடினேன். சட்டம் என்பதற்கு ஆங்கில எழுத்தில் நூலாசிரியர் அடைப்புக்குறிக்குள் தந்திருந்த ‘லா’ (law) என்ற சொல்லையும் பாமினித் தமிழாகக் கருதி அந்த எழுத்துரு மாற்றி மாற்றியிருந்தது! எந்தச் சொல் எந்த எழுத்துருவில் உள்ளது என்ற தகவல் வெறும் உரைக்கோப்பில் இருக்காது. வேர்டு கோப்பாகக் கேட்டு வாங்கி, பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் மாற்றச் செய்தபோது ஆங்கிலச் சொற்கள் பிழைத்தன. பதிப்பகத்திடம் கேட்பவர்கள் முதலிலேயே எழுத்துருத் தகவலுடன் கூடிய கோப்பைக் கேளுங்கள்.

மீதி வேலை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். இயலுக்கும் உட்தலைப்புக்கும் வேர்டில் தலைப்புப் பாணி கொடுத்தால், எச் விசையை அழுத்தி ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம்; எழுத்தைத் தடிமனாக்கினால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. அடிக்குறிப்புகளை இயலின் இறுதிக்கு நகர்த்தி இணைப்புக் கொடுத்தோம். அச்சு நூலின் பக்க எண்களையும் உரிய இடங்களில் சேர்த்தோம். இல்லாவிட்டால், ‘எண்பதாம் பக்கத்தைப் பாருங்கள்’ என்று பேராசிரியர் சொல்லும்போதும், ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும்போதும் திண்டாட்டம்தான். பிறகு அதை இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவில் சேமித்துக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டேன்.

வரைபடங்கள் மட்டும் இன்னும் முடியவில்லை. ஆற்காட்டுப் போர்கள் நடந்த இடங்களைக் காட்டும் படத்துக்கு, எந்த ஊர் எந்த ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்று பேராசிரியர் ஒரு மாலையில் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்து, படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் மாற்று உரையாகச் சேர்த்திருக்கிறேன். நிலவருவாய் முறைகளைக் காட்டும் படங்கள் பாக்கி. அவற்றில் நிறங்களே விளக்கமாக இருப்பதால், எந்த நிறம் எந்த மாவட்டங்களில் பரவியிருக்கிறது என்பதைப் பார்த்து எழுத ஒருவர் வேண்டும்.