துணி சீட்டில் இறுகிப்போன பசையை எடுத்த அனுபவம்

கோயம்புத்தூரில் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் ரெக்சின் சீட் கவர் போட்டிருந்தார்கள். அதைக் கழற்றியபோது அடியில் வெளிர்சாம்பல் நிறத்தில் நல்ல துணி சீட் இருந்தது. ஆனால் கவர் நழுவாமல் இருக்க யாரோ அதன் ஓரங்களைப் பின் சீட்டோடு பசை வைத்தே ஒட்டியிருந்தார்கள். விரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடுகள், தடவிப் பார்த்தால் ரப்பர் மாதிரி மொரமொரப்பு. கதவின் துணிப் பகுதியில் வேறு வகைத் தொல்லை. முன்பு அங்கே டபுள் சைடு டேப் ஒட்டியிருந்த இடத்தில் கறுப்பாக அழுக்கேறிய பிசுபிசுப்பு.

"மேலே புதுக் கவர் போட்டுடுங்க, யார் பார்க்கப் போறா" என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் துணி சீட்டின் அருமை தெரியும். அதோடு, மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் டேப் பசை இளகி இன்னும் உள்ளே இறங்கும். மறைத்து வைத்தால் பிரச்சினை வளரத்தான் செய்யும்.

எங்கள் பகுதியில் குஷன் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்தார். "இது எஸ்.ஆர். பசைங்க தம்பி. கதவுல இருக்கறது டேப் கோந்து. ரெண்டுக்கும் ஒரே மருந்து போடாதீங்க. பிளேடு வச்சு மட்டும் சொரண்டிடாதீங்க, நூலு போயிடும்" என்றார். இந்த வேலையில் பாதி அதில் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். இணையத்தில் வரும் குறிப்புகள் எல்லாப் பசைக்கும் ஒரே வழி சொல்கின்றன, அதனால்தான் ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

பசையை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. இளஞ்சூடான ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் வைத்தால் வெள்ளையாகி மென்மையானால் அது சாதாரண வெள்ளை பெவிகால். வெந்நீரும் பொறுமையும் போதும். விரலை வைத்து எடுக்கும்போது நூல் நூலாக இழுத்தால் டேப் கோந்து. ரப்பர் போல அமுங்கி, தேய்த்தால் உருண்டால் எஸ்.ஆர். வகை. குஷன்காரர்களும் தச்சர்களும் ரெக்சின், மைக்கா ஒட்டப் பயன்படுத்தும் செயற்கை ரப்பர் பசை அது. கண்ணாடி போல இறுகி, துணியே விறைத்து நின்றால் பெவிக்விக் மாதிரி உடனடிப் பசை. அதற்கு அசிட்டோன்தான் சரி. அந்தப் பசை ஈரமாகச் சிந்திய உடனே பஞ்சால் துடைக்கவே கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் கையைச் சுடும் அளவுக்குச் சூடேறும்.

கதவிலிருந்து ஆரம்பித்தேன். அதற்கு நான் எடுத்தது நீலகிரித் தைலம். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் ஒரு பாட்டில் வாங்கி வருவதால் எங்கள் ஊரில் அது இல்லாத வீடு குறைவு. தைலத்தில் பெரும்பகுதி சினியோல். சளிக்கு ஆவி பிடிக்கும்போது மூக்கில் ஏறுவது அதுதான். ரப்பர் சேர்ந்த கோந்தை நன்றாக இளக்கும். பலர் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் ஸ்டிக்கர் எடுக்க அது அருமையான வழி, துணிக்கு வேண்டாம். கோந்து போனாலும் எண்ணெய் நூலுக்குள் தங்கிவிடும், பிறகு ரோட்டுப் புழுதி முழுக்க அங்கேதான் வந்து உட்காரும்.

முதலில் கதவின் கீழ் ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்தேன். வெள்ளைப் பனியன் துணிதான் இதற்கு நல்லது, சாயம் இறங்கினால் உடனே தெரியும். அப்புறம் தைலத்தைத் துணியில் நனைத்து, கோந்தின் மேல் வைத்து அழுத்தி, சில நிமிடம் விட்டேன். நேராக ஊற்றவே கூடாது. கார் துணிக்குப் பின்னால் ஃபோம் ஒட்டியிருக்கும். கரைப்பான் அதுவரை இறங்கினால் துணி ஃபோமை விட்டுக் கழன்று உப்பிவிடும். கூரைத் துணிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இளகிய கோந்தைப் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் வெளியிலிருந்து உள்நோக்கி வழித்தேன். உள்ளிருந்து வெளியே போனால் கறை பெரிதாகும். மிச்சம் இருந்த மெல்லிய பிசுக்கின் மேல் பேக்கிங் டேப்பை அழுத்தி வெடுக்கென்று பிய்த்தால், கோந்து டேப்போடு வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட எனக்குத் திருப்தி தந்தது இந்த வேலைதான். ஒவ்வொரு முறையும் துணியின் பழைய நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

பின் சீட்டின் எஸ்.ஆர். பசை அவ்வளவு சுலபமாக மசியவில்லை. தடிப்பாக இருந்த இடங்களில் ஐஸ் கட்டிகளைப் பாலிதீன் பையில் கட்டி வைத்தேன். குளிர்ந்ததும் ரப்பர் விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் துணியை லேசாக மடக்கினால் மேல் தடிப்பு துண்டு துண்டாகப் பெயர்ந்தது. நூலிடுக்கில் நின்றதற்குப் பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர். அதில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். இந்த வகைப் பசையை முதலில் கரைத்துத் தயாரிப்பதும் அப்படிப்பட்ட கரைப்பானில்தான், அதனால் காய்ந்த பிறகும் அதற்கு இளகும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து, கோட்டின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்து, உருண்டு வருவதைப் பனியன் துணியால் ஒற்றி எடுத்தேன்.

தின்னர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நான்கு கதவையும் திறந்து வைத்து, நிழலில், பக்கத்தில் பீடி சிகரெட் எதுவும் இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். சுலபமாகத் தீப்பிடிக்கும், மூடிய காருக்குள் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். பிளாஸ்டிக் பாகத்தில் பட்டால் பளபளப்பு போய்விடும். சீட் பெல்ட்டில் ஒரு சொட்டும் படக் கூடாது, அது உயிர் காக்கும் பட்டை. பெட்ரோலை நினைத்தே பார்க்காதீர்கள்.

கரைத்ததோடு நிறுத்தினால் கரைந்த பசை திரும்ப அங்கேயே காயும். ஒரு மக் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, நுரையை மட்டும் எடுத்து மென்மையான பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிறகு ஈரத்துணி, அப்புறம் உலர்ந்த துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தம். கறை இருந்த இடத்தை மட்டும் நனைத்தால் காய்ந்தபின் வட்டமாகத் தடம் நிற்கும். தையல் வரை அந்தப் பகுதி முழுவதையும் துடைத்துவிட வேண்டும். முன் சீட்டில் செய்பவர்கள் இன்னும் கவனம்: சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தண்ணீர் வழிந்து இறங்கக் கூடாது. கதவுகளைத் திறந்துவிட்டு டேபிள் ஃபேனைச் சீட்டுப் பக்கம் திருப்பி, ஃபோம் வரை உலரும்படி விட்டேன். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை வாடை வரும், அதைப் போக்குவது பசையை எடுப்பதைவிடப் பெரும்பாடு.

கதவு முழுக்கச் சுத்தமாகிவிட்டது. பின் சீட்டில் இடது ஓரத் தையலை ஒட்டி ஒரு சின்ன இடத்தில் பசை துணியைத் தாண்டி ஃபோமுக்கே போயிருந்தது. அங்கே மேலும் தின்னர் வைத்தால் ஃபோம் கெடும் என்று குஷன் கடை அண்ணனும் சொன்னார். முகப் பவுடரைத் தூவித் தேய்த்து, தொட்டால் ஒட்டாத அளவுக்கு மட்டும் செய்து, அதை அப்படியே விட்டுவிட்டேன்.