கோதுமைப் பணம்

சிகாகோவின் டெவான் அவென்யூவில் நம்மூர் மளிகைக் கடைகள் இருக்கும் பகுதியில் காந்தியின் பெயரில் ஒரு பலகை உண்டு. அதே தெருவில் மேற்கே போனால் இஸ்ரேலின் முன்னாள் பிரதமர் கோல்டா மெயர் பெயரில் இன்னொரு பலகை. அந்தப் பக்கம் யூத உணவு விதிப்படி விற்கும் கோஷர் கடைகள், யூதக் குடும்பங்கள். பருப்பும் புளியும் வாங்க வருடக்கணக்கில் போய்வந்தும், மேற்குப் பக்கம் நான் ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டியதில்லை.

2023-இல் பெசாக் பண்டிகைக்கு உணவுப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்க ஆள் போதவில்லை என்று அலுவலகத் தோழி ஒருவர் சொன்னார். யூதர் அல்லாதவன் வரலாமா என்று கேட்டேன். "கார் இருக்கு, மாடிப்படி ஏற முடியும், அது போதும்" என்றார்.

பெசாக் என்பது வேதாகமத் தமிழில் பஸ்கா. எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுபட்ட நினைவு. அந்த எட்டு நாளும் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற கோதுமை வகை இவற்றில் புளித்த எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்த மாட்சா என்ற அப்பம்தான் உண்டு. மற்ற சாமான்களும் பண்டிகைக்கென்றே முத்திரை பெற்றிருக்க வேண்டும், அதனால் விலையும் கூடுதல். வாடகைக்கும் மருந்துக்குமே வருமானம் சரியாகப் போய்விடும் முதியவர்கள் என்ன செய்வார்கள்? அதற்காகவே 'மாஓத் ஹித்தீம்' என்று ஒரு பழைய வழக்கம். கோதுமைப் பணம் என்று அர்த்தம். ஓர் ஊரில் 12 மாதம் குடியிருந்தவர் அதற்குத் தன் பங்கைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் சிகாகோ வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் விநியோகம் ஏப்ரல் 2, ஞாயிறு. புதன் மாலை பண்டிகை தொடக்கம். பதிவு செய்ததும் வந்த குறிப்புகளில் ஒன்று, காரைச் சுத்தம் செய்துவிட்டு வரவும் என்பது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவி ஒரு பை பாஸ்மதி அரிசியும் எடுத்து வைத்திருந்தார். பெட்டிகள் கொடுக்கும் கிடங்கில் கேட்டபோதுதான், கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்கள் இந்த எட்டு நாள் அரிசி, பருப்புகூடச் சேர்ப்பதில்லை என்று தெரிந்தது. பெட்டியில் எதையும் சேர்க்காதீர்கள், பிரிக்காதீர்கள் என்றார்கள். படம் எடுக்கக் கூடாது. யாருக்கு என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கூடாது. ஆள் இல்லையென்றால் வாசலில் வைத்துவிட்டு வரக் கூடாது. பெட்டியின் மேல் நிறுவனத்தின் பெயர்கூட இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஏழு பெட்டி, ஏழு முகவரி. ஒவ்வொன்றிலும் மாட்சா, முட்டை, உருளைக்கிழங்கு, கேரட், திராட்சைச் சாறு, ஜாடியில் மீன் உருண்டை. நல்ல கனம்.

முதல் இரண்டு வீடுகள் சட்டென்று முடிந்தன. மூன்றாவது வீட்டுப் பாட்டி சோவியத் நாட்டிலிருந்து வந்தவர். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். சமையல் மேடையில் பெட்டியை வைக்கப் போனேன். பதறிப்போய்த் தடுத்து, வாசலருகே துணி விரித்த நாற்காலியைக் காட்டினார். அப்புறம்தான் கவனித்தேன்: மேடை முழுக்க அலுமினியத் தாள், பாதி அலமாரிகள் நாடா ஒட்டி மூடியிருந்தன. போகிக்கு நாம் வீட்டைக் கழுவி விடுவதுபோல, ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் தனியாளாக அந்த வயதில் துடைத்து வைத்திருக்கிறார். என் காரின் பின்சீட்டில் பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூள் நினைவுக்கு வந்தது. பெட்டியின் அடியைப் பார்த்தேன். ஒட்டியிருந்தது. வெளியே எடுத்துப்போய்த் தட்டித் துடைத்து, மறுபடி கொண்டுவந்து நாற்காலியில் வைத்தேன். பாட்டி என் கையைப் பிடித்து ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார்.

ஏழாவது முகவரியும் அந்தப் பாட்டியின் கட்டடம்தான், மாடியில். மணி அடித்தேன், தொலைபேசியில் கூப்பிட்டேன். பதில் இல்லை. பெட்டியைக் கிடங்குக்கே திருப்பிக் கொண்டுபோய், பட்டியலில் குறித்துக் கொடுத்தேன். முட்டை உடையக் கூடாதே என்று அந்த ஒரு பெட்டிக்காக மெதுவாக ஓட்டினேன்.

செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். அந்த ஏழாவது வீட்டு அம்மா மருத்துவமனையில் இருந்தாராம், இன்று வீடு திரும்பிவிட்டார், சாயங்காலம் போக முடியுமா? முதல் வேலையாகக் காரை வேக்குவம் போட்டேன்.

கதவைத் திறந்தவர் கையில் மருத்துவமனைப் பட்டை இன்னும் இருந்தது. மேசையில் வெள்ளை விரிப்பு, இரண்டு நாற்காலி. கீழ்வீட்டுப் பாட்டி நாளை வருவார் என்றார். ஹார்ஸ்ராடிஷ் என்ற காரக் கிழங்கு ஜாடியை எடுத்து, இந்த மூடியைத் திறக்கத் தன் விரல்களுக்குத் தெம்பு இல்லை, கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போ என்றார். தளர்த்தினேன். அப்புறம் மீன் ஜாடியையும் நீட்டினார்.