வராத படிவம்: ராணுவ சிமுலேட்டர் பயிற்சி டெண்டரில் நாங்கள் தோற்ற கதை

எங்கள் கையை விட்டு அந்த கான்ட்ராக்ட் போனதற்குக் காரணம் நான்கு பக்கப் படிவம் ஒன்று. அதை நிரப்ப வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. நிரப்ப வேண்டியவர் நிரப்பி அனுப்பவில்லை. டீப்ரீஃபிங் (ஏன் தோற்றோம் என்று அரசாங்கம் விளக்கம் தருவது) முடிந்து மூன்று வாரம் ஆகிறது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆறிப்போனால் பாதி மறந்துவிடும், அதனால் இப்போதே எழுதுகிறேன். அமெரிக்காவில் சின்ன கம்பெனி வைத்துக்கொண்டு பாதுகாப்புத் துறை வேலைகளுக்கு முயலும் நம்மவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். இதில் ஒரு விஷயமாவது அவர்களுக்கு உதவினால் சரி.

நான் இருப்பது ஆர்லாண்டோவில். வெளியூர்க்காரர்களுக்கு இது டிஸ்னி ஊர். எங்களுக்கு இது சிமுலேட்டர் ஊர். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை ஒட்டிய ரிசர்ச் பார்க்கில்தான் கடற்படையின் பயிற்சிச் சாதனப் பிரிவும் ராணுவத்தின் சிமுலேஷன் கொள்முதல் அலுவலகமும் இருக்கின்றன. சுற்றிலும் எங்களைப் போன்ற சிறு கம்பெனிகள். பெரிய கம்பெனிகளுக்குக் கீழே சப்-கான்ட்ராக்டராக பல வருடம் வேலை செய்த பிறகு, முதல் தடவையாக நாங்களே நேரடியாக ஏலத்தில் இறங்கினோம். வேறொரு மாநிலத்தில் இருக்கும் விமானத் தளத்தில், போக்குவரத்து விமானம் ஓட்டுபவர்களுக்கு சிமுலேட்டரில் பயிற்சி கொடுக்கும் வேலை. சிமுலேட்டர் அரசாங்கத்துடையது. இன்ஸ்ட்ரக்டர்களும் பாடத்திட்டமும் கால அட்டவணையும் எங்கள் பொறுப்பு. ஒரு வருடம், அதன் மேல் அரசாங்கம் விரும்பினால் நீட்டித்துக்கொள்ள நான்கு ஆப்ஷன் வருடங்கள். சிறு தொழில்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

சாம் (அரசாங்க வேலைக்கு முயலும் கம்பெனிகள் பதியும் இணையதளம்) பதிவு, இணையப் பாதுகாப்பு மதிப்பெண், செக்யூரிட்டி கிளியரன்ஸ் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அறிவிப்பு வந்ததும் எல்லோரும் முதலில் செக்‌ஷன் எல் படிப்பார்கள். பிரபோசலை எப்படி எழுத வேண்டும், எத்தனை பக்கம், என்ன எழுத்தளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் முதலில் செக்‌ஷன் எம் படிக்கச் சொல்வேன். எப்படி மதிப்பிடப் போகிறார்கள் என்று அதில்தான் இருக்கிறது. தொழில்நுட்பத்துக்கு நிறம் கொடுப்பார்கள், மேலிருந்து கீழாக: நீலம், ஊதா, பச்சை, மஞ்சள், சிவப்பு. கேட்டதைக் கேட்டபடி எழுதினால் பச்சைதான். கேட்டதற்கு மேலே ஒன்றைக் கொடுத்து, அதனால் அரசாங்கத்துக்கு என்ன பயன் என்றும் எழுதினால்தான் அது ‘பலம்’ என்று கணக்கில் வரும். எங்கள் இன்ஸ்ட்ரக்டர்கள் அதே விமானத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள். அதைப் பெருமையாக முதல் பக்கத்திலேயே போட்டிருந்தோம். ஒரு பலம்கூடக் கிடைக்கவில்லை. மணிக்கணக்கைச் சொன்னோமே தவிர, அதனால் ஒரு மாணவருக்கு எத்தனை சிமுலேட்டர் அமர்வு மிச்சமாகும் என்று சொல்லவில்லை. படிக்கிறவர்கள் தாங்களாக ஊகித்து மதிப்பெண் போட மாட்டார்கள். போடவும் கூடாது என்பதுதான் விதி.

விலைப் பகுதியில் ஒரு கண்டம் இருந்தது, நல்ல வேளையாக முன்னாலேயே பிடித்துவிட்டோம். அரசாங்க சேவை வேலைகளில் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சர்வீஸ் கான்ட்ராக்ட் சட்டத்தின் ஊதியப் பட்டியலில் விமானப் பயிற்சிச் சாதன இன்ஸ்ட்ரக்டர்களுக்கே மூன்று வரிசைகள் உண்டு: 15010, 15020, 15030. விமானிகளுக்கானது கடைசி வரிசை. எங்களுக்குக் கணக்குப் போட்டுத் தந்த மதுரைக்காரத் தம்பி எல்லோரையும் நடு வரிசையில் போட்டிருந்தார். அது போதாதென்று, ஆப்ஷன் வருடங்களுக்கு வருடம் 3 சதவீதம் சம்பள உயர்வையும் சேர்த்திருந்தார். “விலைவாசி ஏறுமே அண்ணே, நஷ்டம் நம்ம தலையில விழாதா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சட்டத்துக்குள் வரும் ஊதியம் பின்னால் உயர்ந்தால் அரசாங்கமே விலையைத் திருத்தித் தரும். அதற்காக முன்கூட்டியே எதையும் விலையில் ஏற்றவில்லை என்று நாம் உறுதி கொடுக்கிறோம், கான்ட்ராக்டில் அப்படி ஒரு ஷரத்து இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் நிறைய பேர் இந்த இடத்தில் சறுக்குவார்கள். இரண்டையும் மாற்றி முடிக்க ஒரு ராத்திரி முழுக்க ஆனது.

அப்புறம் அனுப்பும் நாள். மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கெடு தளத்தின் நேரப்படி மதியம் 2 மணி. நான் ஆர்லாண்டோ நேரம் காலை 11 மணிக்கே எல்லா ஃபைல்களையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் வந்து சேர்ந்ததற்குப் பதிலே இல்லை. கான்ட்ராக்டிங் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர், “எங்களுக்கு ஒன்றும் வரவில்லை” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏன் வரவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்பதற்கு அடுத்த நொடி ஆளில்லை. அரசாங்க சர்வர் ஜிப் ஃபைலை உள்ளே விடாமல் தள்ளியிருக்கிறது என்று எங்கள் கம்ப்யூட்டர் ஆள் யூகித்தார். ஒவ்வொன்றையும் தனித்தனி பி.டி.எஃப் ஆக்கி, ஏழு மின்னஞ்சலாகப் பிரித்து அனுப்பினோம். கடைசி மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கடிகாரத்தில் மணி 2:41. தளம் மத்திய நேர மண்டலத்தில் இருந்ததால் அங்கே 1:41. அந்த ஒரு மணி நேர வித்தியாசம் இல்லாமல் இருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். தாமதம் என்றால் தாமதம்தான். அவர்களுடைய சர்வர் தடுத்ததால் தாமதம் என்று ஜி.ஏ.ஓ.விடம் (அரசாங்கக் கொள்முதல் பற்றிய புகார்களை விசாரிக்கும் அமைப்பு) முறையிட்டுத் தோற்ற கம்பெனிகள் பல. தயவு செய்து ஒரு நாள் முன்னால் அனுப்புங்கள். “வந்து சேர்ந்தது” என்று பதில் வரும் வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

ஐந்து மாதம் எந்தச் செய்தியும் இல்லை. அந்த ஐந்தாவது மாதத்தில், பயிற்சித் தள மேலாளராக நாங்கள் பெயர் கொடுத்திருந்தவர் போன் செய்தார். உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். ஒரு விமான நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது, இரண்டு குழந்தைகள் கல்லூரியில் படிக்கிறார்கள், இனியும் காத்திருக்க முடியாது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படி முக்கியப் பொறுப்புக்குப் பெயர் கொடுத்த ஆள் முடிவு வருவதற்குள் விலகிவிட்டால், அது தெரிந்த கம்பெனி அரசாங்கத்திடம் சொல்லியாக வேண்டும். ஜி.ஏ.ஓ. பல தீர்ப்புகளில் இதைச் சொல்லியிருக்கிறது. சொன்ன பிறகு அரசாங்கத்துக்கு இரண்டு வழி. பிரபோசலை இருக்கிறபடியே மதிப்பிட்டு, ஆள் இல்லை என்று தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் பேச்சுவார்த்தையைத் திறந்து, போட்டியில் நிற்கும் எல்லோருக்கும் திருத்த வாய்ப்புக் கொடுக்கலாம். எதைச் செய்வது என்பது முழுக்க அவர்கள் விருப்பம். எங்கள் முதலாளி கடற்படையில் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “இன்றைக்கே கடிதம் எழுது” என்றார். எழுதினேன். அனுப்பிய பிறகு இரண்டு வாரம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பேச்சுவார்த்தையைத் திறந்தார்கள். கேள்விக் குறிப்புகள் வந்தன. ஆளை மாற்றுவது பற்றிய கேள்வி எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இருந்ததைப் படித்துத்தான் திகைத்துவிட்டேன்: “இன்ஸ்ட்ரக்டர் திடீரென்று வர முடியாமல் போனால் சிமுலேட்டர் அமர்வு ரத்தாகாமல் பார்த்துக்கொள்ளும் திட்டம் பிரபோசலில் இல்லை. இது பெரிய பலவீனம்.” இல்லையா? அதை எழுதுவதற்கு மட்டும் நான் ஒரு வாரம் செலவழித்திருந்தேன். பக்கத்து ஊரில் இருக்கும் பகுதிநேர இன்ஸ்ட்ரக்டர்கள் யார் யார், எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்வார்கள் என்று பட்டியல் போட்டு எழுதியது.

பிரபோசலை மறுபடி எண்ணிப் பார்த்தேன். வரம்பு 30 பக்கம், எங்களுடையது சரியாக 30. ஆனால் நடுவில் கால அட்டவணைக்காக 11-க்கு 17 அங்குல மடிப்புத் தாள் ஒன்று வைத்திருந்தோம். செக்‌ஷன் எல்-லில் ஒரே ஒரு வரி: மடிப்புத் தாள் இரண்டு பக்கமாகக் கணக்கிடப்படும். ஆக 31. வரம்பைத் தாண்டிய கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டுத்தான் மதிப்பீட்டுக் குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் திட்டம் இருந்தது கடைசிப் பக்கத்தில். அவர்கள் அதைப் படிக்கவே இல்லை. நம்முடைய உயிரான விஷயத்தை ஒருநாளும் கடைசிப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஆள் போனது எங்களுக்கு எவ்வளவு பெரிய இடி! அந்த இடி விழாமல் இருந்திருந்தால் இந்த ஓட்டை எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது, அடைக்கவும் முடிந்திருக்காது. பேச்சுவார்த்தை திறந்தால் பெரிய பலவீனங்களை அரசாங்கம் சொல்லியாக வேண்டும் என்பது விதி. புது மேலாளரைக் கண்டுபிடித்தோம், முன்னவரை விட அனுபவம் கூடியவர். திட்டத்தை ஐந்தாம் பக்கத்துக்குக் கொண்டு வந்தோம். பச்சையிலிருந்து ஊதாவுக்கு ஏறினோம். இந்தப் பதினோரு மாதத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட ராத்திரி அதுதான்.

இந்த இடத்தில் எட்வின் லிங்கை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் வளர்ந்தவர், அந்தத் துருத்திகளை வைத்தே முதல் பறப்புப் பயிற்சிச் சாதனத்தைச் செய்தவர். 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையை எடுத்துக்கொண்டு, மோசமான வானிலையில் பலர் விழுந்து இறந்தார்கள். அப்போது ராணுவ அதிகாரிகள் லிங்கைச் சந்திக்க நெவார்க் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். மூடுபனி. இன்றைக்கு வர மாட்டார் என்று அவர்கள் கிளம்பப் பார்த்தபோது, கருவிகளை மட்டும் நம்பிப் பறந்து வந்து இறங்கினார் மனுஷன். ஆறு சாதனங்களை வாங்கினார்கள். அன்றைக்கு ஒரு தரையிறக்கம் போதுமாக இருந்தது. இன்றைக்கு எங்கள் ஆட்கள் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அந்தக் குழுவில் ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. காகிதத்தில் என்ன இருந்ததோ அவ்வளவுதான் நாங்கள்.

இனி அந்தப் படிவம். பழைய வேலைகளை எப்படிச் செய்தோம் என்பதும் மதிப்பீட்டில் ஒரு பங்கு. நேரடியாக கான்ட்ராக்ட் எடுத்தவர்களுக்கு அரசாங்கத்தின் சிபார்ஸ் இணையதளத்தில் வருடாவருடம் மதிப்பீடு பதிவாகும். சப்-கான்ட்ராக்டருக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் பழைய வாடிக்கையாளர்களிடம் கேள்விப் படிவத்தைக் கொடுத்து, அவர்களே நிரப்பி நேராக கான்ட்ராக்டிங் ஆபீசருக்கு அனுப்ப வேண்டும். மூன்று பேரிடம் கொடுத்தோம். இரண்டு வந்தன, ஆனால் அவை பாடத்திட்டம் எழுதிய வேலைகள், ‘ஓரளவு பொருத்தம்’தான். மூன்றாவது, இதே போன்ற சிமுலேட்டரில் நான்கு வருடம் ஒரு புகாரும் இல்லாமல் பயிற்சி கொடுத்த வேலை. எங்கள் துருப்புச் சீட்டே அதுதான். அதை மேற்பார்த்த அதிகாரி, “கண்டிப்பாக அனுப்புகிறேன்” என்றார். நடுவில் அவருக்கு இடமாற்றம் ஆகிவிட்டது. அவர் இடத்துக்கு வந்தவருக்கு எங்களைத் தெரியாது, படிவம் பழையவருடைய பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. நான் இரண்டு முறை நினைவுபடுத்தினேன். மூன்றாவது முறை கேட்கத் தயங்கினேன், பெரிய அதிகாரியைத் தொந்தரவு செய்கிறோமே என்று. கேட்டிருக்க வேண்டும்.

பேச்சுவார்த்தையிலும் இது வெளியே வரவில்லை. பழைய வேலையைப் பற்றி யாராவது தவறாகச் சொல்லியிருந்தால் எங்களிடம் விளக்கம் கேட்டிருப்பார்கள். தகவலே வரவில்லை என்றால் கேட்க வேண்டிய கடமை இல்லை. முடிவு வந்தபோது தொழில்நுட்பத்தில் எங்களுக்கும் ஜெயித்த கம்பெனிக்கும் ஊதா. விலையில் நாங்கள் சுமார் 4 சதவீதம் குறைவு. பழைய வேலையில் அவர்களுக்கு ‘மிகுந்த நம்பிக்கை’, எங்களுக்கு ‘திருப்தியான நம்பிக்கை’. அந்த ஒரு படி வித்தியாசத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

டீப்ரீஃபிங்கை வேண்டாம் என்று யாரும் விட்டுவிடாதீர்கள். பாதுகாப்புத் துறையில் அது முடிந்து இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் கேள்வி கேட்கலாம், அவர்கள் ஐந்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். கான்ட்ராக்டின் மதிப்பு விதியில் சொல்லியிருக்கும் வரம்புக்குள் இருந்தால், தேர்வு முடிவு ஆவணத்தையே, ரகசியப் பகுதிகளை நீக்கிவிட்டுத் தரும்படி சிறு கம்பெனிகள் கேட்டு வாங்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். நாங்கள் கேட்டு வாங்கினோம். எங்கள் கடைசிப் பக்கம் நீக்கப்பட்ட கதை, வராத படிவத்தின் கதை எல்லாம் அதில் ஒவ்வொரு வரியாக இருந்தது.

ஜி.ஏ.ஓ.வில் முறையிடலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். கான்ட்ராக்ட் வேலையை நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் டீப்ரீஃபிங் முடிந்து ஐந்து நாளுக்குள் போக வேண்டும், தீர்ப்புக்கு 100 நாள் வரை ஆகும். அவர் அறிவிப்பை எடுத்து ஒரு வரியைக் காட்டினார்: படிவங்கள் வந்து சேர்வதை உறுதி செய்வது விண்ணப்பிப்பவரின் பொறுப்பு. அதைப் படித்ததும் முதலாளி எழுந்து, “செலவு வேண்டாம், அடுத்ததைப் பார்ப்போம்” என்றார்.

போன வாரம் இன்னொரு தளத்தில் இதே மாதிரி ஒரு வேலைக்கு முன்னறிவிப்பு வந்திருக்கிறது. அசல் அறிவிப்பு வர இன்னும் சில மாதம் ஆகும். நான் செய்த முதல் வேலை, இடமாற்றமாகிப் போன அந்த அதிகாரியின் புது எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசியது. படிவம் வராத விஷயமே அவருக்குத் தெரியாது, மிகவும் வருத்தப்பட்டார். பழைய படிவத்தையே மறுபடி அனுப்பி, கையெழுத்தும் தேதியும் போட்டு எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று கேட்டேன். வியாழக்கிழமை மாலை வந்தது. நான்கு பக்கமும் நிரம்பியிருந்தது. பிரிண்ட் எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன்.