பாதி மாத்திரைக் கணக்கு

முதல் தடவை வந்தபோது மாரடைப்பு என்றே நினைத்தேன். திருச்சி வீட்டில் இரவு 11 மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு படபடவென அடித்தது, விரல் நுனிகள் மரத்துப்போயின, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு உள்ளே இறங்கவில்லை. வீட்டுக்காரர் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி அடங்கிவிட்டது. ஈசிஜி நார்மல். கேஸ் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். அப்புறம் இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் என்று பார்த்தாயிற்று. எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் எரிச்சல்.

மூன்றாவது முறை பார்த்த டியூட்டி டாக்டர்தான், "இது பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு வர்ற பீதி மாதிரி இருக்கும்மா, மனநல டாக்டரைப் பாருங்க" என்றார். 'மனநல' என்ற வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சைப் பற்றிய பயத்தில் பாதி அந்தப் பக்கம் மாறியது. வீட்டில் யாரும் இல்லாத மதியம் 14416க்குப் போன் போட்டேன். டெலி மனஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். அதன் பிறகுதான் நேரில் போகத் தைரியம் வந்தது.

மனநல டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, விரல் மரப்பது அதனால்தான். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு ஈசிஜி காசு மிச்சமாகியிருக்கும்.

சீட்டில் எழுதியது எசிடலோபிராம், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தினமும் போடுகிற மாத்திரை. ஒரு வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10. கூடவே படபடப்பைச் சட்டென்று அடக்கும், தூக்கமும் வரவைக்கும் குளோனசெபாம் 0.25, இரண்டு வாரத்துக்கு மட்டும். "ஆரம்பத்துல குமட்டும், படபடப்பு கூடின மாதிரிகூட இருக்கும். பயந்து நிறுத்திடாதீங்க. பலன் தெரிய சில வாரம் ஆகும்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். சொன்னபடியே குமட்டியது. முதல் நாள் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாமியார், "ஏம்மா, இது தூக்க மாத்திரையா? பழகிடுமே" என்றார். குளோனசெபாமைப் பொறுத்தவரை அவர் பயம் சரிதான், வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டால் பழகிவிடலாம். எசிடலோபிராம் அந்த வகை இல்லை. மருந்துக்கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுத்ததில் காலாவதித் தேதி இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. இப்போதெல்லாம் "தேதி இருக்கிற பக்கம் கொடுங்கண்ணா" என்று கேட்டு வாங்குகிறேன்.

நான்காவது மாதம் நன்றாகவே இருந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது மாத்திரையை எடுத்துப் போகவில்லை. திரும்பி வந்தும் போடவில்லை, சரியாகிவிட்டதே என்ற நினைப்பு. இரண்டு மூன்று நாளில் கண்ணை ஒரு பக்கம் திருப்பினாலே தலைக்குள் சுரீரென்று கரண்ட் அடித்தது. தலைசுற்றல், அழுகை வேறு. நோய் இரண்டு பங்காகத் திரும்பிவிட்டது என்று டாக்டரிடம் ஓடினேன். "நோய் திரும்பல. மருந்தைச் சட்டுன்னு விட்டதால வர்றது" என்றார். மறுபடி ஆரம்பித்ததும் அந்தக் கரண்ட் நின்றது.

அதிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். மருந்தின் பெயரைக் கம்பெனிப் பெயராக எழுதாமல், அட்டையில் கூடவே இருக்குமே, அந்த மூல மருந்தின் பெயரை எழுதிவைத்தேன். இடுப்பு வலிக்கு எலும்பு டாக்டரிடம் போனபோது அதைக் காட்டினேன். டிராமடால் என்ற கடுமையான வலி மருந்து கலந்த மாத்திரையை எழுதியிருந்தவர், நோட்டைப் பார்த்ததும் அடித்துவிட்டு பாராசிட்டமால் எழுதினார். டிராமடாலும் எசிடலோபிராமும் சேர்ந்தால் சிக்கல் வரலாமாம். நோட்டுக்குக் கொடுத்த இருபது ரூபாய் அன்றைக்கே வசூலாகிவிட்டது.

ஒரு வருஷம் தொந்தரவில்லாமல் போன பிறகு, டாக்டரே குறைக்கலாம் என்றார். 10லிருந்து 7.5, 5, 2.5 என்று மாதம் ஒரு படி. ஐந்து மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக வெட்டுவது ஒரு கலை. காய்கறிக் கத்தியில் தூளாகிவிடும், புது பிளேடுதான் சரிப்படும். இரண்டாவது படியில் ஒரு வாரம் தூக்கம் கெட்டது, சொன்னதும் அந்தப் படியிலேயே இன்னொரு மாதம் நிற்கச் சொன்னார்.

கடைசி நாளுக்கான அரை மாத்திரை பிளேடில் தெறித்து அடுப்புக்கு அடியில் போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அரைதானே, விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அப்புறம் புது மாத்திரை ஒன்றை எடுத்து வெட்டினேன்.