மாசக்கணக்கா வரல

மாசக்கணக்கா பீரியட்ஸ் வரல. வீட்டுல எள்ளுருண்டை, கருஞ்சீரகப் பொடி, பப்பாளின்னு ஒரு ரவுண்டு முடிஞ்சாச்சு. பெரியம்மா போன்லயே தீர்ப்பு சொல்லிட்டாங்க: "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்." ஹார்மோனுக்கு எப்படிப் பத்திரிகை வைக்கிறதுன்னும் அவங்களே சொல்லிட்டா நல்லது.

டாக்டர் முதல்ல எழுதினது கர்ப்பப் பரிசோதனை. பக்கத்துல அம்மா முகம் போன போக்கைப் பார்க்கணும்! "பீரியட்ஸ் நின்னு வர்ற எல்லாருக்கும் முதல்ல இதைத்தாம்மா பார்ப்போம்"னு சொன்ன பிறகுதான் அவங்களுக்கு உயிர் வந்துச்சு. அப்புறம் தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டீரான்னு ஹார்மோன் டெஸ்டுகள், சர்க்கரை, ஸ்கேன்.

ரிசல்ட்: பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் சமநிலை குலைஞ்சு முட்டை ஒழுங்கா வெளிவராத பிரச்சினை. ஸ்கேன்ல தெரியிற நீர்க்கட்டி நிஜத்துல கட்டியே இல்ல, முழுசா வளராம நின்னுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். அறுத்து எடுக்க ஒண்ணுமில்ல. இது தெரியாம ராத்திரியெல்லாம் கூகுள் பண்ணி அழுதது தனிக்கதை.

"வலி, நாப்கின் செலவு எதுவும் இல்ல, ஜாலிதானே"ன்னு கேட்ட தோழிகளுக்கு: முட்டை வெளிவரலைன்னா புரோஜெஸ்டிரான்ங்கிற ஹார்மோன் சரியா சுரக்காது. கருப்பையோட உள்சுவர் உதிராம தடிச்சுக்கிட்டே போகும். வருஷக்கணக்கா அப்படியே விட்டா புற்றுநோய் அபாயம் கூடும். அதனால வருஷத்துக்கு 4 முறையாவது உதிரணும்னு பார்க்கிறாங்க. சில நாள் மாத்திரை அதுக்குத்தான்.

எடை அதிகமா இருந்தா 5% குறைஞ்சாலே சுழற்சி திரும்ப வாய்ப்பிருக்காம். ஆனா பட்டினி கிடந்தா அதுவே பீரியட்ஸை நிறுத்திடும். ஜிம் அண்ணாக்கள் கவனிக்கவும்.

மாத்திரை ஆரம்பிச்சாச்சு. "விசேஷமா?"ன்னு கேக்குறவங்களை பிளாக் பண்ணுவேன், சொந்தக்காரங்களா இருந்தாலும்.