அணை மட்டப் புரோக்ராம்: கம்பைலருக்கு ஒரு வரி, லிங்கருக்கு ஒரு வரி

திருநெல்வேலிப் பக்கத்து பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் தினசரி நீர்மட்டத்தை வரைபடமாக்க சி மொழியில் ஒரு சின்ன புரோக்ராம் எழுதி வருகிறேன். பேப்பரில் வரும் அளவை எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸில் சேர்க்கும். போன வருஷக் கோட்டின் மேல் இந்த வருஷக் கோட்டைக் கைரோ என்ற வரைகலை லைப்ரரி வைத்து வரையும். பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118 என்று முழு மட்டத்துக்கும் கோடு உண்டு. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் எப்படி இருந்தது என்று ஒரே பக்கத்தில் பார்த்துவிடலாம்.

இந்த முறை புது வசதி எதுவும் சேர்க்கவில்லை. புரோக்ராமை எப்படி பில்ட் செய்வது என்று மேக் கருவிக்குச் சொல்லும் மேக்ஃபைலைத்தான் பிரித்து எழுதினேன். கம்பைலர் ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலையும் ஆப்ஜெக்ட் ஃபைலாக மாற்றும். லிங்கர் அவற்றை, ஏற்கெனவே எழுதிவைத்த லைப்ரரிகளோடு சேர்த்து ஒரே புரோக்ராமாக்கும். பிரிக்கக் காரணம், விக்கிரமசிங்கபுரத்தில் காலேஜ் படிக்கும் தம்பி ஒருவன். பழைய மேக்ஃபைலோடு சோர்ஸ் கோடை வாங்கிக்கொண்டு போனான். அணைக்குப் பக்கத்து ஊர்க்காரன், ஆர்வமும் ஜாஸ்தி. ராத்திரியே போன் வந்துவிட்டது. "அண்ணே, கம்பைல் எல்லாம் ஆவுது. கடைசில லிங்க் மட்டும் ஆவ மாட்டேங்கு. ஸ்கொயர் ரூட், கைரோ, எஸ்கியூலைட்னு ஒண்ணையும் தெரியாதுங்கு."

என்னிடம் இருப்பது டெபியன், அவனிடம் உபுண்டு, இரண்டும் லினக்ஸ்தான். சோர்ஸ் கோடும் ஒன்று, மேக்ஃபைலும் ஒன்று. இங்கே ஓடுவது அங்கே நிற்கிறது என்றால் காரணத்தைப் பார்க்காமல் விட மனசு வரவில்லை.

சின்ன புராஜெக்ட்களில் வழக்கமாக இருப்பதுபோல எங்கள் மேக்ஃபைலிலும், கம்பைலருக்கான ஆப்ஷன்களை (ஃப்ளாக்குகளை) வைக்கும் சிஃப்ளாக்ஸ் என்ற ஒரே வேரியபிளில்தான் எல்லாம் இருந்தது: ஆப்டிமைசேஷனுக்கு -ஓ2, எச்சரிக்கைகள், ஹெடர் ஃபைல் இருக்கும் பாதை, கூடவே கணித லைப்ரரி, கைரோ, எஸ்கியூலைட். லிங்க் செய்யும் வரியிலும் அதே வேரியபிள், ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு முன்னால். அதாவது லிங்கர் முதலில் லைப்ரரிகளைப் பார்க்கிறது, அதற்கு அப்புறம்தான் அவற்றைக் கேட்கும் ஃபைல்களைப் பார்க்கிறது.

உபுண்டு 11.10 முதல் அங்கே ஜிசிசி கம்பைலர், லிங்கருக்கு 'ஆஸ்-நீடட்' என்ற ஆப்ஷனைத் தானாகவே கொடுத்துவிடுகிறது. அதுவரை படித்த ஃபைல்களில் யாரும் கேட்காத ஷேர்டு லைப்ரரியை (புரோக்ராம் ஓடும்போது ஏற்றப்படுவது) லிங்கர் கழற்றிவிடும். ஆப்ஜெக்ட் ஃபைல் ஒன்றுகூட வராத நேரத்தில் கணித லைப்ரரியை யார் கேட்டிருப்பார்கள்? மூன்றும் போயின. டெபியனில் இந்த ஆப்ஷன் தானாக வராது. அதனால்தான் என் மெஷினில் வரிசை எப்படி இருந்தாலும் ஓடியது.

ஸ்டாட்டிக் ஆர்க்கைவ், அதாவது லிங்க் நேரத்திலேயே புரோக்ராமுக்குள் சேர்ந்துவிடும் லைப்ரரி என்றால் டெபியனும் விடாது. சராசரி, விலகல் போடும் கணக்குப் பகுதியைத் தனி ஆர்க்கைவ் ஆக்கி, வேண்டுமென்றே ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். உடனே நின்றது. லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். ஆர்க்கைவைத் தொடும் நேரத்தில் பாக்கியிருக்கும் பெயர்களுக்கு விடை சொல்லும் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும், திரும்பி வராது. இதைச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கொயர் ரூட்டுக்குள் நிலையான எண்ணைக் கொடுத்தால் கம்பைலரே கணக்கை முடித்துவிடும், லிங்கர் வரை பேச்சே போகாது. ஓடும்போது வரும் எண்ணைக் கொடுத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சரி, பிரிப்பது எப்படி? புதுப் பெயர் எதுவும் தேடவில்லை. குனு மேக்கின் உள்ளமைந்த விதிகளிலேயே பெயர்கள் இருக்கின்றன. கம்பைல் வரிக்கு சிபிபிஃப்ளாக்ஸும் சிஃப்ளாக்ஸும். லிங்க் வரியில் ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு முன்னால் எல்டிஃப்ளாக்ஸ், பின்னால் எல்டிலிப்ஸ். ஹெடர் பாதையும் மேக்ரோவும் சிபிபிஃப்ளாக்ஸில். ஆப்டிமைசேஷன், டீபக், எச்சரிக்கை எல்லாம் சிஃப்ளாக்ஸில். லைப்ரரியைத் தேடும் பாதை, லிங்கருக்கு நேரே போகும் 'டபிள்யூ-எல்-கமா' சமாச்சாரங்கள் எல்டிஃப்ளாக்ஸில். லைப்ரரிப் பெயர்கள் மட்டும் எல்டிலிப்ஸில். கைரோவுக்குப் பாதையைக் கையால் எழுதவே வேண்டாம். பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவியிடம் கம்பைலுக்குரியதையும் லிங்குக்குரியதையும் தனித்தனியாகவே கேட்டு வாங்கலாம்.

வரிசையைத் திருப்பி வைத்தாலே தம்பிக்கு ஓடியிருக்கும். ஆனாலும் முழுசாகப் பிரித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. மேக் கட்டளையோடு சிஃப்ளாக்ஸுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால், மேக்ஃபைலில் எழுதியிருப்பது மொத்தமாக மறைந்துவிடும். கூட்டல்-சமம் போட்டுச் சேர்த்ததுகூட நிற்காது. டீபக் செய்ய -ஓ0, -ஜி என்று தம்பி கொடுத்தால் பழைய முறையில் லைப்ரரிகளும் சேர்ந்து காணாமல் போகும். இப்போது அவன் என்ன கொடுத்தாலும் எல்டிலிப்ஸ் அசையாது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலரை வைத்து ஓட்டியபோது ஒவ்வொரு ஃபைலுக்கும் 'லிங்கர் இன்புட் பயன்படவில்லை' என்று வந்த எச்சரிக்கையும் நின்றுவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இரண்டு பக்கமும் போக வேண்டிய ஃப்ளாக்குகள். மெமரிப் பிழையைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் அப்படிப்பட்டது. கம்பைலில் மட்டும் கொடுத்தால் 'ஏசான்' என்று தொடங்கும் பெயர்கள் கிடைக்கவில்லை என்று லிங்கர் நின்றுவிடும். அது பரவாயில்லை, சொல்லிவிட்டு நிற்கிறது. லிங்கில் மட்டும் கொடுத்தால் சத்தமே இல்லாமல் பில்ட் ஆகும், ஆனால் நம் சோர்ஸ் கோடுக்குள் சோதனைகள் எதுவும் புகுந்திருக்காது. ஒரு லோக்கல் அர்ரேயின் எல்லையைத் தாண்டி எழுதும் கோடை வைத்துப் பார்த்தேன். லிங்கில் மட்டும் கொடுத்தபோது புரோக்ராம் வாய் திறக்கவில்லை. இரண்டிலும் கொடுத்ததும் வரி எண்ணோடு சொல்லிவிட்டது. த்ரெட்களுக்கான பி-த்ரெட் ஃப்ளாக்கும் அப்படித்தான், இரண்டிலும் போவதுதான் முறை. இவற்றுக்காக 'பொது' என்று ஒரு வேரியபிள் வைத்து, கம்பைல் வரியிலும் லிங்க் வரியிலும் சேர்த்துவிட்டேன்.

பிரித்ததில் இன்னொரு லாபமும் கிடைத்தது. முன்பு ஃப்ளாக் மாறினால் விட்டுப்போகக் கூடாது என்று ஆப்ஜெக்ட் ஃபைல்கள் எல்லாம் மேக்ஃபைலையே நம்பியிருந்தன. ஒரு லைப்ரரியைச் சேர்த்தால்கூட எல்லாம் முதலிலிருந்து கம்பைல் ஆகும். இப்போது கம்பைல் ஃப்ளாக்குகளை ஒரு குட்டி ஃபைலிலும், லிங்க் ஃப்ளாக்குகளை இன்னொன்றிலும் மேக்கே எழுதிவைக்கிறது. உள்ளே இருப்பது மாறினால் மட்டும் புதிதாக எழுதும். ஆப்ஜெக்ட் ஃபைல்கள் முதல் ஃபைலையும், முடிவான புரோக்ராம் இரண்டாவதையும் பார்க்கின்றன. லைப்ரரி மாறினால் லிங்க் மட்டும் நடக்கிறது. தம்பியின் பழைய லேப்டாப்பில் இது நன்றாகவே தெரிகிறது.

சிமேக் என்ற இன்னொரு பில்ட் கருவிக்கு மாறலாமே என்று அவன் கேட்டான். அங்கேயும் கம்பைல் ஆப்ஷனுக்கு ஒரு கட்டளை, லைப்ரரிக்கு ஒன்று, 3.13 பதிப்பிலிருந்து லிங்க் ஆப்ஷனுக்குத் தனியாக ஒன்று என்று இதே பிரிவினைதான். இவ்வளவு சின்ன புரோக்ராமுக்கு மேக்கே போதும் என்பது என் கட்சி. அடுத்து லிங்க் நேர ஆப்டிமைசேஷனைப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குரிய ஃப்ளாக்கும் 'பொது'வில்தான் போகும்.