மலைப்பாதையிலிருந்து மஞ்சள் சட்டைக்கு: பொலின் ஃபெரான்-பிரேவோ குறிப்புகள்

ஏப்ரல் 12, 2025

வட பிரான்ஸின் கற்பாதைகளில் நடக்கும் ஒருநாள் சைக்கிள் பந்தயமான பெண்கள் பாரி-ரூபேயை, மலை சைக்கிளிலிருந்து சாலைக்கு வந்த பிரெஞ்சு வீராங்கனை பொலின் வென்றுவிட்டார். டெனானிலிருந்து ரூபே வரை 148.5 கி.மீ. அதில் 29.2 கி.மீ. கல்பாவிய பாதை, 17 துண்டுகளாக. கடைசி இருபது கிலோமீட்டர் அளவில் தனியே ஓட்டி, 58 விநாடி முன்னதாக வந்து சேர்ந்தார்.

இந்தப் பாதையில் வலுவைவிடக் கை முக்கியம். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் அதிர்ச்சி முழுதும் தோளுக்கு ஏறும், சக்கரமும் கல்லுக்குக் கல் துள்ளும். தளர்வாகப் பிடித்து, வழக்கத்தைவிட ஒரு பல் கனமான கியரில், நடுமேட்டிலேயே போக வேண்டும். ஓரத்தில்தான் கூர்கற்கள் கிடக்கும். டயர் 32 அல்லது 35 மி.மீ., ட்யூப்லெஸ். 55 கிலோ எடையுள்ளவருக்குக் காற்றழுத்தம் 3 பார் அளவில் போதும், பெட்ரோல் பங்க் கணக்கில் சுமார் 43 பிஎஸ்ஐ. அதற்கும் மிகக் குறைத்தால் கல் ரிம்மையே அடித்து நெளித்துவிடும். கூட்டினால் பிடிப்பு போகும்.

மலை சைக்கிளில் 2.4 அங்குல டயரை 1.3 பார் போல வைத்து, வேர்களிலும் பாறைகளிலும் வருடக்கணக்கில் ஓட்டியவருக்கு இது கைவந்த வேலை.

ஏப்ரல் 20

பொலினைத் ‘திடீர் வரவு’ என்று சிலர் எழுதுவது வருத்தமாக இருக்கிறது. 2014-இல் பொன்ஃபெராடாவில் சாலை உலகப் பட்டம். 2015 தொடக்கத்தில் தாபோரில் சைக்ளோகிராஸ் (சேறு, புல், தடைகள் நிறைந்த குறுஞ்சுற்றுப் பந்தயம்) பட்டம், அதே ஆண்டு அந்தோராவில் மலை சைக்கிள் பட்டம். மூன்றையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்த முதல் ஆள் இவர்தான். அப்போது வயது 23.

பிறகு சரிவு. 2016 ரியோ ஒலிம்பிக்கின் மலை சைக்கிள் பந்தயத்தைப் பாதியில் விட்டார். இடுப்புக்கீழ் தமனிச் சிக்கலுக்காக 2019-இல் அறுவை சிகிச்சை.

அந்தச் சிக்கல் பெரும்பாலும் சைக்கிள் வீரர்களுக்கே வரும். குனிந்த நிலையில் தொடை வயிற்றை நோக்கி ஆயிரமாயிரம் முறை மடங்கும்போது தமனி வளைந்து, உட்சுவர் தடித்துவிடுகிறது. உச்ச முயற்சியில் ஒரு கால் மட்டும் மரத்துப்போகும். நின்றால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். அதனால்தான் தசைப்பிடிப்பு, நரம்பு வலி என்று ஆண்டுக்கணக்கில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. படுக்கவைத்துச் செய்யும் ஸ்கேனில் பெரும்பாலும் பிடிபடாது. முழு வேகத்தில் ஓட்டவைத்து, இறங்கியவுடன் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட வேண்டும். பாதித்த காலில் கணுக்கால் அழுத்தம் விழுந்திருக்கும். ஒரு கால் மட்டும் ஏற்றத்தில் வலுவிழக்கிறது என்று சொல்லும் எந்தப் பெண்ணையும் இந்தச் சோதனைக்கு அனுப்பாமல் விடக்கூடாது.

அதே 2019-இல் மலை சைக்கிளில் மீண்டும் உலகப் பட்டம். 2024 ஜூலை 28, பாரிஸ் ஒலிம்பிக்கில் எலான்கூர் குன்றில் கிட்டத்தட்ட மூன்று நிமிட வித்தியாசத்தில் தங்கம். அதோடு மலை சைக்கிளை விட்டு விஸ்மா என்ற சாலைப் பந்தய அணியில் சேர்ந்தார். மூன்று ஆண்டுக்குள் பெண்கள் டூர் டி பிரான்ஸை (ஒன்பது நாள், நாளுக்கொரு கட்டமாக நடக்கும் பந்தயம்) வெல்வேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

ஜூலை 26

டூர் தொடங்கியது. பிளூமெலெக் ஏற்றத்தில் அணித்தோழி மரியான் வோஸ் முதலிடம், பொலின் மூன்றாமிடம். இரண்டாவது வந்த மொரீஷியஸின் கிம் லெ கோர்ட்டும் மலை சைக்கிளிலிருந்து வந்தவரே.

ஆகஸ்ட் 1

நாளை டூரில் ஆல்ப்ஸ் மலையின் மத்லேன் கணவாய்: 18.6 கி.மீ. ஏற்றம், சராசரி சரிவு 8.1%. மொத்தம் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர்.

கியர் கணக்கு: மணிக்கு 15 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 250 மீட்டர். நிமிடத்துக்கு 90 மிதி என்றால், ஒரு மிதிச் சுற்றுக்குச் சுமார் 2.8 மீட்டர். சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர், எனவே ஒரு மிதிக்குச் சக்கரம் சுமார் 1.33 சுற்று. ஆக முன்னே 36 பல், பின்னே 27. செங்குத்தான இடங்களுக்குப் பின்னே 33, 36 வரை கையிருப்பு வேண்டும். இல்லாவிட்டால் மிதி 65-க்கு விழுந்து தொடை தீர்ந்துவிடும்.

சாப்பாடுதான் பெரிய மாற்றம். ஒலிம்பிக் மலை சைக்கிள் பந்தயம் ஒன்றரை மணி நேரம். தசையில் சேர்த்துவைத்த மாவுச்சத்திலேயே பெரும்பாலும் ஓடிவிடும். நாளைய கட்டம் 111.9 கி.மீ., மூன்று மணி நேரத்துக்கு மேல், அதுவும் எட்டாவது நாள். மணிக்கு 90 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் 60 கிராம் அளவில் நின்றுவிடும், அதனால் ஃப்ரக்டோஸும் கலக்கிறார்கள். 40 கிராம் கரைத்த பாட்டில் ஒன்று, 25 கிராம் ஜெல் இரண்டு: ஒரு மணி நேரக் கணக்கு முடிந்தது. ஏற்றம் தொடங்கியபின் சேர்த்து விழுங்கினால் குமட்டும், ரத்தம் காலுக்குப் போய்விடுவதால். பள்ளத்தாக்கிலேயே முடித்துவிட வேண்டும். வயிற்றையும் பல வாரம் பழக்க வேண்டும்.

ஆகஸ்ட் 2

மஞ்சள் சட்டை, மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணிவது, பொலினுக்கு! முன்கூட்டியே பிரிந்து போயிருந்த அணித்தோழி மரியோன் புனெல் ஏற்றத்தில் இழுத்துக் கொடுத்தார், பிறகு பொலினின் தனியோட்டம். இரண்டாவது வந்த சாரா ஜிகாந்தேவுக்கு 1 நிமிடம் 45 விநாடி பின்னடைவு, டெமி வோலரிங்குக்கு மூன்று நிமிடம்.

இந்த மலைக்காகவே எடையைக் குறைத்ததாகவும், அது முழு ஆரோக்கியமான நிலை அல்ல என்றும் பொலினே சொல்லியிருக்கிறார். இளம் பெண்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். மருத்துவரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டுமே செய்வது வேறு, ஆண்டு முழுதும் பட்டினி கிடப்பது வேறு. மாதவிடாய் நின்றால் அதுவே முதல் எச்சரிக்கை. அடுத்து எலும்பு முறியலாம்.

ஆகஸ்ட் 3

கடைசிக் கட்டம் முடிந்த ஷாத்தேலிலும் பொலினே முதலிடம். ஏறுவதில் நிகரற்ற ஜிகாந்தே ஜூ பிளான் கணவாய் இறக்கத்தில் பின்தங்கி, மொத்தத்தில் ஆறாமிடத்துக்கு இறங்கினார். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்து, வெளிக் காலைக் கீழே அழுத்தி, கண்ணை வளைவின் வாயிலில் வைப்பதை அவர் பழகினால் அடுத்த முறை மேடை ஏறுவார்.

டூர் பட்டம் பொலினுக்கே. இறுதி வித்தியாசம் 3 நிமிடம் 42 விநாடி. வோலரிங் இரண்டாவது, நியெவியாடோமா மூன்றாவது.